புல்லுல பனி, குளத்துல திலாப்பியா: மூணாறு அக்காவுக்கு ஒரு பதில்

மூணாறுல இருந்து டாப் ஸ்டேஷன் போற ரோட்டுல, குண்டளைக்கு அந்தாண்ட ஒரு எஸ்டேட் லயத்துல (தொழிலாளர் வரிசை வீட்டுல) இருந்து ஒரு அக்கா நாலு பக்கத்துக்கு எழுதியிருக்காங்க. பேரும் டிவிஷனும் போட வேணாம்னு கேட்டுக்கிட்டதால போடல. லயத்துக்குப் பின்னாடி 12 அடி நீளம், 8 அடி அகலம், ரெண்டரை அடி ஆழத்துல ஒரு படுதா குளம் (பிளாஸ்டிக் ஷீட் விரிச்ச குளம்) வெச்சிருக்காங்க, அதுல பெரும்பாலும் கிஃப்ட்னு சொல்ற, வேகமா வளர்ற ரகத் திலாப்பியா, கூடவே கொஞ்சம் சாதா கெண்டையும் புல்கெண்டையும். முன்வாசல்ல ஒரு பழைய சிமெண்ட் தொட்டி, அரையடி தண்ணி, பேத்திக்காக வாங்கின கோல்டு ஃபிஷ். போன தை மாசம் தொடர்ந்து நாலஞ்சு நாள் பனி கொட்டி, புல்லு, ஆட்டோ கூரை, கொழுந்து எல்லாம் வெள்ளையாகி, ஒரு நாள் காலைல தொட்டித் தண்ணி மேல கண்ணாடி மாதிரி ஏடு கட்டியிருக்கு. வீட்டுக்காரர் மண்வெட்டிக் காம்பால அதை உடைச்சு, மேல ஒரு குண்டான் கொதிக்கிற தண்ணியையும் ஊத்தியிருக்காரு. மறுநாள் கோல்டு ஃபிஷ் மூணு மல்லாந்துடுச்சு. அதே வாரத்துல குளத்துல திலாப்பியா தினமும் அஞ்சாறா செத்து, சிலதுமேல பஞ்சு ஒட்டின மாதிரி இருந்துச்சாம். "கெண்டைக்கு மட்டும் ஒண்ணும் ஆகல, அதான் எனக்குப் புரியல"ன்னு எழுதியிருக்காங்க.

இப்ப மறுபடியும் மார்கழி வந்துடுச்சு, அக்கா ஒரு வரிசை கேள்வி கேட்டிருக்காங்க. தண்ணிக்குள்ள ஹீட்டர் ராடு போடலாமா, உப்பு போட்டா உறையாதாமே, தார்ப்பாய் போட்டு மொத்தமா மூடிடலாமா, குளிருக்குத் தீனி கூட்டணுமா, கனடால இருக்கிற கொழுந்தனார் ஐஸ்ல ஓட்டை போட்டு வைக்கணும்னு சொல்றாரே அது சரியா. கடைசியா, பக்கத்து லயத்துக்காரர் பீன்ஸுக்கு அடிச்ச மருந்துதான் குளத்துல கலந்துடுச்சுன்னு சந்தேகம், ஒரு வருஷமா பேச்சுவார்த்தை இல்ல, போலீஸ்ல எழுதிக் கொடுக்கலாமா.

அக்கா, உங்க லெட்டர்லயே பாதி பதில் இருக்கு, நீங்களே எழுதிட்டு நீங்களே தாண்டிப் போயிட்டீங்க. "பெரிய குளம் உறையல, கரையில புல்லு மட்டும் வெள்ளையா இருந்துச்சு"ன்னு ஒரு இடத்துல சொல்றீங்க, கெண்டைக்கு ஒண்ணும் ஆகலன்னு இன்னொரு இடத்துல. ரெண்டையும் சேர்த்து வெச்சுப் பாருங்க. உறையாத குளத்துல ஐஸ் எப்படி மீனைக் கொல்லும்? மருந்து கலந்திருந்தா கெண்டை மட்டும் எப்படித் தப்பும்? திலாப்பியா ஆப்பிரிக்கா வெயில்ல வளர்ந்த மீன், நம்ம மேட்டு தை மாசத்துக்கு அதோட உடம்பு கட்டல. இதுதான் நடந்திருக்குன்னு நான் நினைக்கிறேன், மத்ததெல்லாம் அதுக்கு மேல நாம கூட்டின கஷ்டம்.

முதல்ல பனியைப் பத்திக் கொஞ்சம் பேசிடுவோம், ஏன்னா பயம் அங்க இருந்துதான் ஆரம்பிக்குது. மேகமும் காத்தும் இல்லாத ராத்திரில தரை தன்கிட்ட இருக்கிற சூட்டை வானத்துக்கு விட்டுடும், குளிர்ந்த காத்து கனமா இருக்கிறதால சரிவுல இறங்கிப் பள்ளத்துல வந்து தேங்கும், அதனாலதான் மேட்டு லயத்துல ஒண்ணுமில்லாம இருக்கிறப்ப ஓடைக்கரை வயல்ல எல்லாம் வெளுத்துக் கிடக்கும். புல்லு நுனிக்குச் சூடு பிடிச்சு வைக்கிற சக்தியே கிடையாது, டக்குன்னு பூஜ்யத்துக்குக் கீழ போயிடும். உங்க குளத்துல இருக்கிறது ஏறக்குறைய 6,800 லிட்டர் தண்ணி. அது ஒரு டிகிரி இறங்கணும்னா கிட்டத்தட்ட 8 யூனிட் கரண்டுக்குச் சமமான சூடு வெளிய போகணும், ஒரு ராத்திரில அந்த அளவு பரப்புல இருந்து போறது தோராயமா ஒண்ணு ரெண்டு டிகிரிதான். காலைல எட்டு ஒன்பது மணிக்கு வெயில் விழுந்ததும் கொஞ்சம் திரும்பி ஏறும். ஆனா பகல்லயும் வெயில் சரியா விழாத இடம்னா, நாலஞ்சு நாள் தொடர்ந்து பனி விழுந்தா, தினமும் கொஞ்சம் கொஞ்சமா இறங்கி ஒரு கட்டத்துல திலாப்பியாவால தாங்க முடியாத இடத்துக்கு வந்துடும். உங்களுக்கு அதான் ஆகியிருக்கு. அரையடித் தொட்டி வேற கதை, தண்ணி கொஞ்சம், நாலு பக்கமும் காத்து, அது ஏடு கட்டினதுல ஆச்சரியமே இல்ல.

கொழுந்தனார் சொன்னது தப்பில்ல, ஊருதான் வேற

கனடா மாதிரி இடத்துல குளம் மாசக்கணக்கா உறைஞ்சு கிடக்கும். தண்ணி 4 டிகிரில தான் ரொம்ப கனமா இருக்கும், அதனால அந்த 4 டிகிரி தண்ணி அடியில போய் நிக்கும், அதைவிடக் குளிர்ந்தது மேல வந்து ஐஸ் ஆகும், அந்த ஐஸே கீழ இருக்கிற தண்ணிக்குப் போர்வை. கோய்ங்கிற அலங்காரக் கெண்டையும் கோல்டு ஃபிஷும் அடியில அசையாம குளிர்காலத்தை ஓட்டிடும். அங்க சாவு வர்றது குளிரால இல்ல, மூடின ஐஸுக்குக் கீழ அழுகுற இலையும் கழிவும் கிளப்புற கேஸ் வெளிய போக வழியில்லாம, ஆக்சிஜனும் தீர்ந்து போறதால. அதுக்குத்தான் மிதக்கிற சின்ன ஹீட்டர் வெச்சு ஒரு ஓட்டையைத் திறந்தே வைக்கிறாங்க. கவனிங்க, அந்த ஹீட்டர் குளத்தைச் சூடாக்குறதுக்கு இல்ல, ஓட்டையைக் காப்பாத்துறதுக்கு மட்டும். குளம் மூணு அடிக்கு மேல ஆழம் வேணும்னு அவங்க சொல்றதும் அடியில உறையாத தண்ணி மிஞ்சணும்னுதான்.

நம்ம ஊருல ஏடு கட்டினா பத்து மணிக்குள்ள கரைஞ்சிடும், கேஸ் அடைபடுற பேச்சுக்கே இடமில்ல. அதனால ஓட்டை போடுற வேலை உங்களுக்கு வேணாம். ஆனா அவர்கிட்ட இருந்து ரெண்டு விஷயத்தை எடுத்துக்கோங்க. ஒண்ணு, ஐஸை ஒருக்காலும் தட்டி உடைக்கக் கூடாது. அந்த அதிர்வு தண்ணிக்குள்ள அப்படியே போய் மீனைத் தாக்கும், குளிர்ல மரத்துக் கிடக்கிற மீனுக்கு அது பெரிய அடி. அவசரமா கரைச்சே ஆகணும்னா சுடுதண்ணி நிரப்பின பாத்திரத்தை ஏட்டு மேல வெச்சு எடுத்தா போதும், தண்ணிய உள்ள ஊத்தக் கூடாது. உங்க வீட்டுக்காரர் மேல கோவப்படாதீங்க, அவர் காப்பாத்தத்தான் பார்த்தாரு, ஆனா அரையடித் தொட்டியில ஒரு குண்டான் கொதிநீர்னா அது விழுந்த இடத்துல மீன் தாங்காது, மூணு செத்ததுக்கு அந்த அடியும் சுடுதண்ணியும்தான் காரணமா இருக்கும். ரெண்டாவது, தீனி விஷயம். அதுக்குக் கீழ வர்றேன்.

ராடு, உப்பு, தார்ப்பாய்

ராடு வேணவே வேணாம். மேல சொன்ன கணக்கையே வெச்சுப் பாருங்க, 5 டிகிரி ஏத்தணும்னா 40 யூனிட் கரண்டு, 1,500 வாட் ராடு 26 மணி நேரத்துக்கு மேல விடாம ஓடணும், அதுவும் வெளிய போற சூட்டைக் கணக்குல சேர்க்காம. பில்லை விடுங்க, பக்கெட்டுக்குப் போடுற ராடைக் குளத்துல தொங்கவிட்டு, ராத்திரி இருட்டுல யாராச்சும் கை வெச்சா என்ன ஆகும்? ஒவ்வொரு வருஷமும் யாராவது இந்த யோசனையோட வர்றாங்க, நான் ஒவ்வொரு தடவையும் கோவமாத்தான் பதில் சொல்றேன். கரண்டு கனெக்‌ஷன் குளத்துப் பக்கம் போகுதுன்னா, அது ஒரு சின்ன காத்து மோட்டாரா இருந்தாலும், இ.எல்.சி.பி. (கரண்டு கசிஞ்சா தானா கட் பண்ணிடுற ஸ்விட்ச்) போட்டிருக்கணும்.

உப்பு பத்தி ஊர்ல சொல்றதுல ஒரு உண்மை இருக்கு, உப்புத்தண்ணி லேட்டாத்தான் உறையும். எவ்வளவு லேட்டுன்னா, கடல்தண்ணி, அதாவது லிட்டருக்கு 35 கிராம் உப்பு இருக்கிற தண்ணி, மைனஸ் 2 டிகிரி பக்கம் போய்தான் உறையும். அந்த ரெண்டு டிகிரிக்காக உங்க குளத்துல கிட்டத்தட்ட 240 கிலோ உப்பு கொட்டணும். கெண்டை அதுல உசிரோட இருக்காது, புல்கெண்டையும்தான். உப்பு மருந்தா உதவும், அது வேற அளவு, பின்னால சொல்றேன்.

தார்ப்பாய் நல்ல யோசனை, ஆனா நீங்க சொல்ற மாதிரி மொத்தமா மூடி வாரக்கணக்கா விடுறது கூடாது. குளத்துக்கு மேல ஒரு அடி உயரத்துல குறுக்க நாலு மூங்கில் வெச்சு, அதுமேல பழைய பாலிதீன் ஷீட்டோ தார்ப்பாயோ கூடாரம் மாதிரி சாய்ச்சுப் போடுங்க, தண்ணியைத் தொடக் கூடாது, காத்து போக ஒரு பக்கம் ஒரு சாண் திறந்திருக்கணும். சாயங்காலம் அஞ்சு மணிக்கு மூடி, வெயில் குளத்துமேல விழுந்ததும் திறந்துடணும். வானத்துக்கு நேரா போற சூட்டை இது மறிக்கும், பனி விழுற ராத்திரிக்கு இதைவிட மலிவான வழி கிடையாது. பகல்லயும் மூடியே வெச்சா வெயில் சூடும் போச்சு, பச்சைத் தண்ணியில இருக்கிற பாசி வெளிச்சமில்லாம செத்து அழுகும். திறக்குறப்பவே கிராண்டிஸ் (யூகலிப்டஸ்) இலை விழுந்திருந்தா வலையால அள்ளிடுங்க, அடியில தேங்கவிடாதீங்க.

ஓஸ் தண்ணிதான் உங்க ஹீட்டர்

இதை நீங்க கேட்கவே இல்ல, ஆனா லெட்டர்ல போற போக்குல "மேல ஊத்துல இருந்து ஓஸ் போட்டுத் தண்ணி எடுக்கிறோம், ராத்திரி மூடிடுவோம்"னு எழுதியிருக்கீங்க. எனக்கு அந்த வரிதான் முக்கியமாப் பட்டுச்சு. பூமிக்குள்ள இருந்து வர்ற ஊத்துத் தண்ணி வருஷம் முழுக்க ஏறக்குறைய ஒரே சூட்டுல இருக்கும், அந்த இடத்தோட வருஷ சராசரிக்குப் பக்கத்துல. பனி நாள் காலைல ஊத்துல கை வெச்சா வெதுவெதுன்னு இருக்கும்னு உங்களுக்கே தெரியும், ஆவி பறக்கும். அந்தத் தண்ணி சன்னமா ராத்திரி முழுக்க குளத்துக்குள்ள வந்துட்டே இருந்தா, மறுபக்கம் வழிஞ்சு போக ஒரு பைப் இருந்தா, உங்க குளத்தோட சூடு நீங்க நினைக்கிற அளவுக்கு இறங்காது. கரண்டு இல்ல, காசு இல்ல.

ஆனா ஓஸ் தரைமேல கிடந்தா இது அப்படியே தலைகீழா வேலை செய்யும். கறுப்பு ஓஸ் புல்லு மேல நீளமா கிடந்து, ராத்திரிப் பனியில சன்னமா தண்ணி ஊறி வந்தா, குளத்துக்கு வந்து சேர்றப்ப அது குளிர்ந்த தண்ணி, குளத்தை இன்னும் கெடுக்கும். அதனால மண்வெட்டியால அரையடி தோண்டிப் புதைச்சிடுங்க, புதைக்க முடியாத பாறை இடத்துல காய்ஞ்ச புல்லு சுத்தி சாக்கு கட்டுங்க. ஓஸ் வாயில விடிகாலைல தெர்மாமீட்டர் வெச்சுப் பாருங்க, குளத்து அடியில இருக்கிறதைவிட அதிகமா இருந்தா ராத்திரி விடலாம், கம்மியா இருந்தா ராத்திரி மூடி பகல்ல மட்டும் விடுங்க. ஓடைத் தண்ணியா இருந்தா இந்தக் கணக்கு பொருந்தாது, ஓடை ராத்திரில நல்லாவே குளிர்ந்துடும். பஞ்சாயத்துத் தண்ணினா அதுல பிளீச்சிங் பவுடர் இருக்கும், நேரா விடவே கூடாது.

தெர்மாமீட்டர் வாங்குங்க அக்கா, இதுதான் இந்த லெட்டருக்கே என் முதல் மருந்துச்சீட்டு. மீன்தொட்டிக் கடையில நூறு இருநூறு ரூபாய்க்குள்ள கண்ணாடிக் குழாய் மாதிரி கிடைக்கும். ஒரு கயித்துல கட்டி, கூட ஒரு சின்னக் கல்லும் கட்டி, குளத்தோட ஆழமான இடத்துல அடி வரைக்கும் இறக்கி அஞ்சு நிமிஷம் விட்டு, சடார்னு தூக்கிப் பாருங்க. விடிகாலை ஒரு தடவை, மத்தியானம் மூணு மணிக்கு ஒரு தடவை, காலண்டர்ல அந்தத் தேதிக்குப் பக்கத்துல எழுதிடுங்க. மூஞ்சில படுற குளிரை வெச்சு குளத்தைக் கணிக்காதீங்க, ரெண்டும் வேற வேற.

தீனி: கூட்டக் கூடாது, குறைக்கணும்

நாம குளிருக்கு ரெண்டு தோசை கூட சாப்பிட்டா உடம்பு சூடாகும். மீனுக்கு உடம்புச் சூடுன்னு தனியா ஒண்ணும் இல்ல, தண்ணி எவ்வளவோ அதுதான் அதோட உடம்பும். தண்ணி குளிர்ந்தா குடலும் மெதுவாகிடும், உள்ள போனது செரிக்காம கிடக்கும். நீங்க போன வருஷம் "குளிருதேன்னு கடலைப்புண்ணாக்கும் மீந்த சோறும் டபுளா போட்டோம்"னு எழுதினது நல்ல மனசுதான், ஆனா அது முக்காவாசி அடியில போய் அழுகியிருக்கும். அழுகினா அமோனியா. அந்த அமோனியாவை மாத்துற பாக்டீரியாவும் குளிர்ல தூங்கிடும். சூட்டை வெச்சு இப்படிப் போங்க:

திலாப்பியாவுக்கு, மத்தியானத் தண்ணி 20 டிகிரிக்குக் கீழ வந்தா தீனியைப் பாதியாக்குங்க, 17க்குக் கீழ சுத்தமா நிறுத்துங்க, அதுவே திங்காது.

கெண்டைக்கும் கோல்டு ஃபிஷுக்கும், 15க்குக் கீழ ரெண்டு மூணு நாளைக்கு ஒரு தடவை ஒரு பிடி, 10க்குக் கீழ ஒண்ணும் வேணாம். வாரக்கணக்கா பட்டினி கிடந்தாலும் கொழுத்த கெண்டைக்கு ஒண்ணும் ஆகாது.

போடுறது எதுவா இருந்தாலும் மத்தியானம் ரெண்டு மணிக்கு மேல, மிதக்குற தீனியா, பத்து நிமிஷத்துல தீர்ற அளவு. மிச்சத்தை வலையால எடுத்துடுங்க. சோறு வேணவே வேணாம்.

இன்னொண்ணு, கெண்டை அடியில ஒரே இடத்துல கும்பலா, செவுள் மட்டும் லேசா அசைஞ்சுட்டு கிடந்தா அது நோய் இல்ல. குச்சியால குத்தி உசிரு இருக்கான்னு பார்க்காதீங்க, சேர்த்து வெச்ச சக்தியை வீணா செலவழிக்கும். திலாப்பியா உடம்பு கறுத்து, ஒருக்களிச்சு, மேலயும் கீழயும் நிதானமில்லாம நீந்துனா அதுதான் ஆபத்து அறிகுறி. ஆக்சிஜன் பத்திக் கவலை வேணாம், கடல் மட்டத்துல 10 டிகிரித் தண்ணி லிட்டருக்கு 11 மில்லிகிராம் ஆக்சிஜன் பிடிக்கும், 30 டிகிரித் தண்ணி ஏழரைதான், நம்ம உயரத்துல ரெண்டுமே அஞ்சுல ஒரு பங்கு குறையும், அப்பவும் குளிர்ந்த தண்ணியிலதான் ஆக்சிஜன் அதிகம். அதனால ராத்திரில தண்ணியை மேல தூக்கிக் கொட்டுற பம்பு, ஃபவுண்டன் எல்லாம் நிறுத்திடுங்க, அது குளிர்ந்த காத்துல தண்ணியை இன்னும் ஆற வைக்கும்.

பஞ்சு ஒட்டின மாதிரின்னு சொன்னீங்களே, அது பூஞ்சை. குளிர்ல உடம்பு தளர்ந்த மீன்ல, எங்கயாவது சிராய்ப்பு இருந்தா அங்க பிடிக்கும். குளிர்தான் மூலம், பூஞ்சை அப்புறம் வந்த விருந்தாளி. கெண்டையில வந்தா ஒரு பக்கெட்ல குளத்துத் தண்ணியே எடுத்து, லிட்டருக்கு 10 கிராம் கல்லுப்பு கரைச்சு, மீனை அஞ்சுல இருந்து பத்து நிமிஷம் விடுங்க, பக்கத்துலயே நின்னு பார்க்கணும், சாய ஆரம்பிச்சா நேரம் பார்க்காம எடுத்துடணும். அயோடின் கலந்த பொடி உப்பு வேணாம். கடையில பச்சை கலர் மருந்துன்னு மாலகைட் கிரீன் கொடுப்பாங்க, சாப்பிடுற மீனுக்கு அது தடை செஞ்ச மருந்து, வாங்காதீங்க. செத்த மீனை யாருக்கும் கொடுக்காதீங்க, நாய்க்கும் போடாதீங்க, குளத்தை விட்டுத் தள்ளி ஆழமாப் புதைச்சிடுங்க.

அப்ப திலாப்பியாவை என்ன செய்யறது

உங்க முன்னாடி ரெண்டு வழி இருக்கு. கூடாரமும் ஊத்துத் தண்ணியும் வெச்சு மிச்சத்தை ஓட்டிப் பார்க்கலாம். தண்ணி 12 டிகிரிக்குக் கீழ சில நாள் நின்னா சாவு ஆரம்பிக்கும், 10 தொட்டா பெரும்பாலும் தப்பாது, அதைத் தெரிஞ்சுக்கிட்டு இறங்குங்க. இல்லேன்னா இப்பவே, மீன் இன்னும் திங்கிற நிலையில இருக்கிறப்பவே, கால் கிலோவுக்கு மேல உள்ளதை எல்லாம் பிடிச்சு வித்துடலாம், லயத்துலயே கிறிஸ்துமஸுக்கு ஆள் வாங்குவாங்க. நான் உங்க இடத்துல இருந்தா ரெண்டாவதைத்தான் செய்வேன், செத்து மிதந்த பிறகு அதுக்கு ஒரு ரூபா கிடையாது. ஆனா ஓடையில மட்டும் கொண்டு போய் விட்டுடாதீங்க, "உசிரோட போகட்டும்"னு சிலர் செய்றாங்க. திலாப்பியா வெளிநாட்டு மீன், கீழ சூடான தண்ணியில போய்ச் சேர்ந்தா நாட்டு மீனை விரட்டிடும்.

அடுத்த வருஷம் உங்க குளத்துக்குச் சாதா கெண்டை, புல்கெண்டை, வெள்ளிக்கெண்டை இந்த மூணும் போதும், மலை ஊர்களுக்குன்னே மீன்வளத் துறை சொல்ற கூட்டணி இதுதான். மொத்தமா நாப்பது ஐம்பதுக்கு மேல வேணாம். வீட்டுக்காரர் டிரவுட் கேட்டாரே, அது வெள்ளைக்காரன் காலத்துல இருந்து ராஜமலைப் பக்கம் இருக்கிற மீன்தான், குளிர் பிரச்சினையே இல்ல, ஆனா அதுக்கு எந்நேரமும் ஓடுற தண்ணி வேணும், வெயில் காலத்துல உங்க படுதா குளம் சூடானா அதுக்கு ஆகாது. மண்ணு அனுமதிச்சா குளத்தோட ஒரு மூலையை மட்டும் நாலு அடிக்கு ஆழமாக்குங்க, மீன் குளிருக்கு அங்க போய் ஒதுங்கிக்கும். ஆனா அது கம்பெனி இடம்னு எழுதியிருக்கீங்க, தோண்டுறதுக்கு முன்னாடி எஸ்டேட் ஆபீஸ்ல எழுத்துல ஒரு அனுமதி வாங்கிடுங்க, வாய்ப்பேச்சு நாளைக்கு மேனேஜர் மாறினா நிக்காது. படுதா குளத்துக்கு மானியம் வாங்கணும்னாலும் இடத்துக்குப் பேப்பர் கேட்பாங்க. பிரதமர் மத்ஸ்ய சம்பதா திட்டத்துல பெண்கள் பேர்ல போட்டா 60 சதவீதம் வரைக்கும், பொதுவுல 40ன்னு வெச்சிருந்தாங்க, இப்பவும் இருக்கான்னு கேட்டுட்டு உங்க பேர்லயே போடுங்க. பஞ்சாயத்துல அக்வாகல்ச்சர் ப்ரொமோட்டர் (மீன் வளர்ப்புக்கு வழிகாட்டுறவர்) யாருன்னு விசாரிங்க, அவர்தான் ஃபாரம் பார்த்துக் கொடுப்பாரு.

கோல்டு ஃபிஷுக்கு ஒரு வரி போதும், அரையடித் தொட்டியில அதுங்க குளிர்காலத்தை ஓட்ட வேணாம், மிச்சம் இருக்கிறதை எல்லாம் பிப்ரவரி கடைசி வரைக்கும் பெரிய குளத்துக்கு மாத்திடுங்க, மத்தியானமா, பையில போட்டு குளத்துல மிதக்க விட்டு, ரெண்டு தண்ணியும் ஒரே சூடான பிறகு.

பக்கத்து லயத்துக்காரர்

அக்கா, இதைக் கொஞ்சம் பொறுமையாப் படிங்க. மருந்து கலந்தா மீன் தினமும் அஞ்சாறா ஒரு வாரம் இழுத்துச் சாகாது. சில மணி நேரத்துல, பெருசு சின்னது பார்க்காம, எல்லா வகையும் துடிச்சு மேல வரும். தவளை, தண்ணிப் பூச்சி, தட்டான் புழு எல்லாம் கூடவே சாகும். உங்க குளத்துல நடந்தது நாலஞ்சு பனி ராத்திரிக்கு அப்புறம், சூடு வேணுங்கிற மீன் மட்டும், ஒவ்வொண்ணா. இது குளிர்ச் சாவு. உங்க கையில தண்ணி சாம்பிளும் இல்ல, செத்த மீனும் இல்ல, ஒரு வருஷமும் ஆயிடுச்சு, இதை எழுதிக் கொடுத்தா போலீஸ் ஒண்ணும் செய்ய முடியாது, அவருக்குத்தான் உங்க மேல கேஸ் போடுற அளவுக்குக் கோவம் வரும்.

அதுக்காக அவர் மருந்து அடிக்கிறதைக் கண்டுக்காம விடணும்னு இல்ல. சரிவுல மேல அவர் பீன்ஸ், கீழ உங்க குளம், மழை பெஞ்சா ஓடி வர்றது உங்ககிட்டதான். குளத்தைச் சுத்தி மேட்டுப் பக்கம் ஒரு அடி வரப்பு போட்டு, தண்ணி பக்கவாட்டுல போற மாதிரி ஒரு சால் வெட்டிடுங்க. அடிக்கிற நாளை முன்கூட்டியே சொல்லச் சொல்லுங்க, அன்னைக்கு கூடாரத்தைத் திறக்காம இருந்தா போதும். என்னைக்காவது நிஜமாவே எல்லா மீனும் ஒரே நேரத்துல மிதந்தா, அப்ப உடனே சுத்தமான கண்ணாடி பாட்டில்ல ரெண்டு லிட்டர் தண்ணியும், இப்பத்தான் செத்த மீன் ரெண்டு மூணையும் பையில கட்டி ஐஸ்ல வெச்சு, போட்டோ எடுத்து, அன்னைக்கே மீன்வளத் துறை ஆபீஸுக்குக் கொண்டு போங்க. புகார்னா அந்த மாதிரி கையில ஏதாச்சும் இருக்கணும். இப்ப உங்க கையில இருக்கிறது சந்தேகம் மட்டும்தான், அதை வெச்சு ஒரே வாசல்ல குடியிருக்கிறவங்ககூட ஒரு வருஷம் பேசாம இருந்தது போதும்னு எனக்குத் தோணுது. ஒரு கிலோ கெண்டை பிடிச்சா அவங்க வீட்டுக்கும் ரெண்டு துண்டு அனுப்புங்க.

பனி விட்டதும் அவசரப்படாதீங்க. மாசி பங்குனியில பகல்ல நல்ல வெயில், ராத்திரி குளிர், தண்ணி ஏறி ஏறி இறங்கும், மீனோட எதிர்ப்பு சக்தி அப்ப ரொம்ப கம்மி, புண்ணும் பூஞ்சையும் அதிகமா வர்றது அந்த நேரத்துலதான். தீனியைக் கொஞ்சம் கொஞ்சமா ஏத்துங்க, புது குஞ்சு ஏப்ரலுக்கு முன்னாடி வாங்காதீங்க. கம்பம், தேனிப் பக்கம் இருந்து வாங்குற குஞ்சு அங்க 28 டிகிரித் தண்ணியில நீந்திக்கிட்டு இருந்தது, போடிமெட்டு ஏறி வந்ததும் நேரா குளத்துல கவுத்தீங்கன்னா அங்கயே முடிஞ்சிடும். பையைக் கட்டினபடியே குளத்துல மிதக்கவிட்டு, அரைமணி நேரம் கழிச்சு வாயைத் திறந்து, டம்ளர் டம்ளரா குளத்துத் தண்ணி சேர்த்து, மொத்தம் ஒரு மணி நேரம் ஆனாலும் பரவாயில்ல, குஞ்சு தானா வெளிய நீந்திப் போகட்டும்.